மரத்தின் வேர் எங்கே முடிகிறது?

கொடைக்கானல் பைன் காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அடுத்தமுறை போனால் குனிந்தும் பாருங்கள். மெத்தைபோல் உதிர்ந்து கிடக்கும் ஊசியிலைகளைக் கையால் மெல்ல விலக்கினால், கீழே கறுத்து மக்கிய ஓர் அடுக்கு தெரியும். பைன் மரத்தின் நுனிவேர்கள் அதற்குள்தான் ஓடுகின்றன. சாதாரண லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் போதும். நுனிகள் குட்டையாக, தடித்து, கவட்டை கவட்டையாகப் பிரிந்திருக்கும். பஞ்சைச் சுற்றிவிட்டதுபோல் ஓர் உறை அவற்றைப் போர்த்தியிருக்கும். பாடப்புத்தகத்தில் நாம் வரைந்து பழகிய வேர்த்தூவிகளை அங்கே தேடினால் கிடைக்காது.

நீரையும் உப்புகளையும் உறிஞ்சுவது வேர்த்தூவிதான் என்று படித்திருக்கிறோம். தூவியே இல்லாத வேரை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய மரம் எப்படி உண்கிறது?

அந்த உறைதான் விடை. அது மரத்தின் உடலில் சேர்ந்ததே இல்லை. அது ஒரு பூஞ்சை. மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, மரம் உண்பதில் பெரும்பகுதியைத் தன் வழியாகவே அனுப்புகிறது. பூஞ்சையும் வேரும் சேர்ந்த இந்த அமைப்புக்கு மைக்கோரைசா என்று பெயர். தமிழில் வேர்ப்பூஞ்சை என்று சொல்லலாம். நம் உழவர்களுக்கு இது ‘வேம்’ என்ற பெயரில் ஏற்கெனவே அறிமுகம். வேளாண் கடைகளில் நாற்றங்காலுக்காக விற்கும் ‘வேம்’ உயிர் உரம் இந்தப் பூஞ்சைகளில் ஒரு வகையே.

பூஞ்சை என்றதும் நமக்கு ஊறுகாயில் படரும் பூசணமோ மழைக்குப் பின் முளைக்கும் குடைக்காளானோ நினைவுக்கு வருகிறது. குடை என்பது பூஞ்சையின் கனி மட்டுமே. மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ, பூஞ்சைக்குக் காளான் அப்படி. அதன் உடல் மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் மிக மெல்லிய இழைகளாகப் பரவியிருக்கிறது. அந்த இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். நம் தலைமுடியோடு ஒப்பிட்டால் பத்து இருபது மடங்கு மெல்லியது.

பூஞ்சைக்குப் பச்சையம் கிடையாது. தன் உணவைத் தானே சமைக்க முடியாததால் அது மூன்று வழிகளில் பிழைக்கிறது. செத்ததை மக்கவைத்து உண்பது முதல் வழி. வைக்கோலில் நாம் வளர்க்கும் சிப்பிக் காளான் இந்த வகை. நம் ஊர்ப் புற்றுக்காளானும் செத்த தாவரப்பொருளைத்தான் தின்கிறது, ஆனால் அதைக் கொண்டுவந்து ஊட்டுவது கரையான். உயிருள்ளதை நோய்ப்படுத்தி உறிஞ்சுவது இரண்டாவது வழி. நெற்பயிரின் குலைநோய் அப்படிப்பட்ட ஒரு பூஞ்சையின் வேலை. உயிருள்ள செடியோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது மூன்றாவது வழி. காடுகள் நிற்பது இந்த மூன்றாவது கூட்டத்தை நம்பித்தான்.

இது தெரியவந்த கதை ஒரு சமையல் ஆசையில் தொடங்குகிறது. டிரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும், வாசனைக்குப் பேர்போன, மிக விலையுயர்ந்த பூஞ்சைக் கனி. அதைப் பயிரிட வழி உண்டா என்று ஆராயும்படி பிரஷ்ய அரசு பெர்லினைச் சேர்ந்த தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்கிடம் பொறுப்பை ஒப்படைத்தது. டிரஃபிள் சாகுபடியில் அவர் வெற்றி காணவில்லை. ஆனால் பீச், ஓக், ஹேசல், ஊசியிலை மரங்கள் என்று எதன் வேரைத் தோண்டினாலும் நுனியில் பூஞ்சை போர்த்தியிருப்பதைக் கண்டார். டிரஃபிள் இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் நிலைமை அதுதான். 1885-இல் இதற்கு மைக்கோரைசா என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் மைக்கஸ் என்றால் பூஞ்சை, ரைசா என்றால் வேர். அந்தப் பூஞ்சை மரத்துக்குச் செவிலித்தாயாக இருந்து ஊட்டுகிறது என்பது அவர் முன்வைத்த கருத்து.

அந்தக் காலத்தில் அது துணிச்சலான பேச்சு. பூஞ்சை என்றாலே நோய் என்று கருதிய நேரம் அது. மரநோய் அறிவியலின் முன்னோடியான ராபர்ட் ஹார்டிக் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய தந்தை தியோடர் ஹார்டிக்கோ, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பைன் வேரின் செல்களுக்கு இடையில் ஒரு வலைப்பின்னலைப் பார்த்துப் படம் வரைந்திருந்தார். அது பூஞ்சை என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. இன்றும் அந்தப் பின்னலுக்கு ‘ஹார்டிக் வலை’ என்றே பெயர். தந்தை வரைந்த வலைதான் மகன் மறுத்த உறவுக்குச் சான்றாக நின்றது. ஃபிராங்க் சளைக்கவில்லை. கிருமிநீக்கிய மண்ணிலும் இயல்பான காட்டு மண்ணிலும் பைன் நாற்றுகளை வளர்த்துக் காட்டினார். பூஞ்சையோடு வளர்ந்தவையே செழித்தன.

சரி, மரத்துக்கு ஏன் இந்தத் துணை தேவைப்படுகிறது? உழவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றில், மணிச்சத்துதான் மண்ணில் நகராத சத்து. தழைச்சத்தான நைட்ரஜனின் நைட்ரேட் வடிவம் தண்ணீரோடு ஓடிவந்து வேரைச் சேரும். மணிச்சத்தான பாஸ்பரஸ் அப்படி வராது. செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொள்ளும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை வேர் எடுத்து முடித்த பிறகு, அதைச் சுற்றி ஒரு வெற்று வளையம் உண்டாகிவிடும். வளையத்துக்கு வெளியே சத்து கிடக்கிறது, வேருக்கு எட்டவில்லை. எட்ட வேண்டுமானால் புது வேர் விட வேண்டும். வேர் விடுவது மரத்துக்குப் பெரிய செலவு.

பூஞ்சை இழைக்கு அது சின்னச் செலவு. அவ்வளவு மெல்லிய இழையை நீட்ட மிகக் குறைந்த பொருளே போதும். வேர் நுழைய முடியாத மண்துகள் இடுக்குகளிலும் அது நுழையும், வெற்று வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் போகும். சில பூஞ்சைகள் இழைகளைக் கயிறாகத் திரித்து மீட்டர் கணக்கிலும் போகின்றன. பைன், ஓக் போன்றவற்றின் பூஞ்சைகள் இன்னும் ஒரு படி மேலே போய், அமிலங்களையும் நொதிகளையும் சுரந்து, மக்கும் சருகுக்குள் பூட்டிக்கிடக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கரைத்து எடுக்கின்றன.

பதிலுக்கு மரம் சர்க்கரை தருகிறது. இலையில் வெயிலைக் கொண்டு சமைத்ததில் சில நேரம் ஐந்தில் ஒரு பங்கு வரை கீழே இறங்கிப் பூஞ்சைக்குப் போய்ச் சேர்கிறது. வேர்செல்லுக்குள்ளே குடியேறும் வகைப் பூஞ்சைகளுக்குச் செடி கொழுப்பும் தருகிறது என்று 2017-இல் தெரியவந்தது. அவற்றால் கொழுப்பு அமிலத்தைத் தாமே உருவாக்க முடியாது. அந்த அளவுக்குச் செடியைச் சார்ந்தே வாழப் பழகிவிட்டன. உலகத் தாவரங்கள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் வேர்ப்பூஞ்சைகளுக்கு அனுப்பும் கரிமம் (கார்பன்) சுமார் 1,300 கோடி டன் கரியமில வாயுவுக்கு இணையானது என்று 2023-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அது முழுவதும் மண்ணிலேயே தங்கிவிடுவதில்லை. ஆனால் காலடியில் நடக்கும் போக்குவரத்து எவ்வளவு பெரியது என்பதை அந்த எண் உணர்த்துகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் கணக்குப் பார்த்தலும் உண்டு. உயிரியலாளர் டோபி கியர்ஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வக முடிவு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே செடியின் வேரில் நன்றாக மணிச்சத்து தரும் பூஞ்சையும் கஞ்சத்தனம் செய்யும் பூஞ்சையும் இருந்தால், செடி நன்றாகத் தருவதற்கே கூடுதல் கரிமம் அனுப்புகிறது. பூஞ்சையும் தன் பங்குக்கு, அதிகச் சர்க்கரை தரும் வேருக்கே அதிகச் சத்தைக் கொடுக்கிறது. இரண்டு பக்கமும் தேர்ந்தெடுக்கும் உரிமை இருப்பதால்தான் இந்த ஏற்பாடு இத்தனை காலம் குலையாமல் நிற்கிறது.

எத்தனை காலம்? ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரருகே கிடைக்கும் கல்லில், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிகள் செல் செல்லாகக் கல்லாகியிருக்கின்றன. நிலத்துக்கு ஏறிவந்த ஆரம்பகாலச் செடிகள் அவை. அவற்றில் சிலவற்றுக்கு வேர் என்று சொல்லத்தக்க ஒன்று இன்னும் உருவாகவே இல்லை. ஆனால் தண்டின் செல்களுக்குள் பூஞ்சை இருக்கிறது. இன்றைய வேர்களில் நாம் காணும் அதே வடிவத்தில் இருக்கிறது. வேர் தோன்றுவதற்கு முன்பே வேர்ப்பூஞ்சை வந்துவிட்டது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அந்த வடிவம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேர்ப்பூஞ்சையில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. பைன் காட்டில் பார்த்தது புற வகை. அது நுனிவேரை வெளியே உறையாகப் போர்த்தும், உள்ளே செல்களுக்கு நடுவில் வலையாகப் பின்னும், செல்லுக்குள் மட்டும் போகாது. பைன், ஓக், பீச், பிர்ச், வட இந்தியாவின் சால், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியம் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. தாவர இனங்களில் நூற்றுக்கு இரண்டு அளவில்தான் இந்த உறவை வைத்திருக்கின்றன. ஆனாலும் குளிர்நாட்டுக் காடுகள் முழுக்க இவைதான் என்பதால், உலகின் மரங்களை எண்ணினால் பாதிக்கும் மேல் இந்தக் கூட்டம்.

அக வகை வெளியே எதையும் காட்டாது. வேரைப் பார்த்தால் வெறும் வேர்தான். உள்ளே, செல்லின் சுவரைக் கடந்து நுழைந்து, கிளை கிளையாகப் பிரிந்து ஒரு குட்டி மரமாக நிற்கும். சத்தும் சர்க்கரையும் கைமாறுவது அந்தக் குட்டி மரத்தின் கிளைகளில்தான். சில நாட்களில் செடி அதைக் கரைத்துவிடும். பக்கத்துச் செல்லில் இன்னொன்று முளைக்கும். தேக்கு, மா, வேம்பு, தென்னை, சோளம், சோலைக்காட்டு மரங்களில் பெரும்பாலானவை, உலகின் தாவர இனங்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு ஆகிய எல்லாம் இதில் அடங்கும். யூகலிப்டஸ் இரண்டு வகையையும் வைத்துக்கொள்ளும். நீலகிரியில் செக்கச்செவேல் என்று பூக்கும் ரோடோடெண்ட்ரான் குடும்பத்துக்குத் தனியாக மூன்றாவது வகை ஒன்று உண்டு. கடுகு, முட்டைக்கோஸ், கீரை வகைகள் பொதுவாக யாரோடும் சேருவதில்லை. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரமும் அநேகமாக அப்படித்தான். அது கொத்துக் கொத்தாகச் சிறு வேர்களை விட்டு, தானே அமிலம் சுரந்து மணிச்சத்தைக் கரைத்துக்கொள்கிறது.

இருட்டு மண்ணில் இருவரும் எப்படிச் சந்திக்கிறார்கள் என்ற கேள்வி நீண்ட நாள் திறந்தே இருந்தது. மணிச்சத்துக்குத் தவிக்கும் வேர் ஸ்டிரைகோலாக்டோன் என்ற பொருளைச் சுரக்கிறது, அதை உணர்ந்த பூஞ்சை இழை கிளைத்துப் பெருகி வேரை நெருங்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். அந்தப் பெயரின் பின்னணி நமக்கு நெருக்கமானது. சோளக்கொல்லையையும் கரும்பையும் கெடுக்கும் சுடுமல்லிக் களையின் அறிவியல் பெயர் ஸ்ட்ரைகா. பூஞ்சைக்காக வேர் அனுப்பும் இதே அழைப்பைச் சுடுமல்லி விதையும் உணர்ந்து முளைத்து, வேரில் தொற்றி உறிஞ்சுகிறது. களையை முளைக்கவைக்கும் பொருளாகத்தான் இது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. தன்னைக் கொல்லும் களையை எழுப்பும் ஒன்றைச் செடி ஏன் சுரக்கிறது என்ற புதிர் பல ஆண்டுகள் கழித்தே அவிழ்ந்தது.

துணையில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போர்ட்டோ ரிக்கோ தீவில் நடந்ததை உதாரணமாகச் சொல்வார்கள். அங்கே இயற்கையாகப் பைன் கிடையாது. விதை கொண்டுவந்து விதைத்தார்கள். முளைத்தது, சில அங்குலம் வளர்ந்தது, மஞ்சளித்துச் செத்தது. பல முறை இப்படியே ஆனது. 1950-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன் மரத்தடி மண்ணை எடுத்துவந்து நாற்றுகளுக்கு இட்டுப் பார்த்தார்கள். இட்டவை பச்சை பிடித்து ஆளுயரத்தைத் தாண்டின, இடாதவை அப்படியே குன்றி நின்றன. வெயில், மழை, நிலம் எதுவும் மாறவில்லை. கொடைக்கானல் பைனும் மனிதர் கொண்டுவந்து நட்டதுதான். அங்கே நீங்கள் லென்ஸில் பார்க்கும் உறை அந்த மரத்தைப் போலவே வெளியூரிலிருந்து வந்தது என்று எண்ணிப் பார்க்கலாம்.

கொடுக்காமல் வாங்குகிறவர்களும் காட்டில் உண்டு. இமயமலையிலும் வட அமெரிக்காவிலும் நிழலடர்ந்த காட்டில் மோனோட்ரோபா என்றொரு செடி முளைக்கும். பச்சையமே இல்லாமல் மெழுகுபோல் வெள்ளையாக, தலைகுனிந்த ஒற்றைப் பூவோடு நிற்கும். அதன் ஐரோப்பிய உறவுச் செடி ஒன்றைப் போலந்து தாவரவியலாளர் காமியென்ஸ்கி 1880-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து, அது பூஞ்சை வழியாக உண்கிறது என்று சொன்னார். 1960-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்க்மன், அருகிலிருந்த மரங்களுக்குள் கதிரியக்க அடையாளமிட்ட சர்க்கரையைச் செலுத்தினார். சில நாட்களில் அந்தச் சர்க்கரையின் அடையாளம் பக்கத்தில் நின்ற அந்த ஐரோப்பியச் செடியில் தென்பட்டது. மரம் பூஞ்சைக்குக் கொடுத்ததை இந்தச் செடி பூஞ்சையிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஆர்க்கிட்டுகளும் வாழ்வின் தொடக்கத்தில் இப்படித்தான். அவற்றின் விதை தூசி போன்றது, உள்ளே சேமிப்புணவு இல்லை. பூஞ்சை நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கும். 1899-இல் ராணுவப் பயிற்சியில் இருந்த நோயல் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு இளைஞர், ஃபான்டன்புளோ காட்டில் சருகு மூடிய ஓர் ஆர்க்கிட் தண்டில் முளைத்துக்கொண்டிருந்த விதைகளைக் கண்டெடுத்தார். எல்லாவற்றிலும் பூஞ்சை இருந்தது. தோட்டக்காரர்கள் விதைத்து விதைத்துத் தோற்றதற்கான காரணம் அவ்வாறு தெரியவந்தது.

இனி, மரங்கள் பூஞ்சை வலை வழியாகப் பேசிக்கொள்கின்றன என்ற செய்திக்கு வருகிறேன். இதைக் கேள்விப்படாதவர் இன்று குறைவு. அடிப்படை ஆய்வு காட்டியல் ஆய்வாளர் சூசன் சிமார்ட் குழுவினர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் செய்தது, 1997-இல் வெளிவந்தது. பிர்ச், டக்ளஸ் ஃபிர், செடார் நாற்றுகளை அருகருகே நட்டு, பிர்ச்சுக்கும் ஃபிருக்கும் அடையாளமிட்ட வெவ்வேறு கரியமில வாயுவைச் செலுத்தினார்கள். கரிமம் இரு திசையிலும் போனது. கணக்கு முடிவில் பிர்ச்சிலிருந்து ஃபிருக்குப் போனதே அதிகம், நிழலில் இருந்த ஃபிருக்கு இன்னும் அதிகம். வேறு வகைப் பூஞ்சையோடு வாழும் செடாருக்கும் கொஞ்சம் போய்ச் சேர்ந்தது. ஆகவே ஒரு பகுதி மண் வழியாகவே நகர்ந்திருக்க வேண்டும்.

நேர்த்தியான ஆய்வு அது. அதன் மேல் பின்னர் எழுப்பப்பட்ட மாடிகள்தான் கவலை தருகின்றன. தாய்மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு ஊட்டுகிறது, சாகும் மரம் சொத்தை எழுதிவைக்கிறது என்றெல்லாம் பேசுகிறார்கள். 2023-இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்ஸிமா மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். மெலனி ஜோன்ஸ் 1997 ஆய்விலேயே பங்கேற்றவர். தாய்மரம் தன் பிள்ளைக்கு முன்னுரிமை கொடுப்பதற்கு உண்மைக் காட்டில் செய்த ஆய்வு எதுவும் சான்றாக இல்லை என்றும், வலை வழியாகப் போகும் பொருளால் நாற்றுகள் செழிப்பதற்கான சான்று மெலிது என்றும் எழுதினார்கள். தான் பங்கேற்ற ஆய்வின் மேல் கட்டியதையே தானே தட்டிப் பார்ப்பது அறிவியலில் மதிப்புமிக்க செயல். பூஞ்சை மரத்துக்கு ஊட்டுகிறது என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாக உறுதிப்பட்ட உண்மை. மரங்களின் குடும்பக் கதை இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் உண்மையே போதிய வியப்பைத் தரும்.

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் பருவமழையின் முதல் சாரலுக்குப் பின் சந்தையில் ‘போடா’ விற்பார்கள். சால் மரத்தடி மண்ணைக் கிளறி எடுக்கும், கோலிக்குண்டு போன்ற பூஞ்சைக் கனி. ஜார்க்கண்டில் இதை ருக்டா, புட்டு என்பார்கள். ஆட்டிறைச்சியை விட விலை ஏறும் நாட்கள் உண்டு. சிப்பிக் காளான்போல் இதைப் பையில் வளர்த்துவிட முடியாது. உயிருள்ள சால் வேர் அதற்கு வேண்டும். சால் காடு போனால் போடாவும் போகும். ஐரோப்பாவில் இன்னொரு விதமாக இழந்தார்கள். வாகனப் புகையும் கால்நடைப் பண்ணைகளும் காற்றில் ஏற்றிய தழைச்சத்து மழையோடு காட்டில் இறங்கியது. நெதர்லாந்துக் காடுகளில் மரவேரோடு வாழும் காளான்கள் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெகுவாகக் குறைந்தன. சத்து சும்மா கிடைக்கும் இடத்தில் மரம் பூஞ்சைக்குச் சர்க்கரை அனுப்புவதைக் குறைத்துக்கொள்கிறது. வயலில் மணிச்சத்து உரத்தை அளவுக்கு மேல் கொட்டும்போதும் இதுவே நடக்கிறது. அதோடு கூடவே ‘வேம்’ இட்டுப் பயனில்லை.

அக வகைப் பூஞ்சையை லென்ஸில் பார்க்க முடியாது என்றேன். ஆனால் பள்ளி ஆய்வகத்தில் பார்க்கலாம். மக்காச்சோளச் செடி ஒன்றை மண்ணோடு தோண்டி, மெல்லிய வேர்களைக் கழுவி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நிறம் வெளுக்கும்வரை சூடாக்க வேண்டும். தோலை அரிக்கும் பொருள் அது, ஆசிரியர் கையுறையோடு அருகில் நின்று செய்விக்கட்டும். பிறகு வேரை நன்றாக அலசி, சமையல் வினிகரில் 5 சதவீதம் கறுப்புப் பேனா மை கலந்து சில நிமிடம் கொதிக்கவைத்து, மறுபடி வினிகர் சொட்டிய தண்ணீரில் அலசி எடுத்தால் தயார். 1998-இல் வெளிவந்த எளிய முறை இது, விலையுயர்ந்த சாயம் எதுவும் வேண்டாம். கண்ணாடித் தகட்டில் வேரை வைத்து லேசாக நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். வெளுத்த செல்களுக்குள், மை பிடித்த கிளைகளோடு, அந்தக் குட்டி மரங்கள் வரிசையாக நிற்கும்.